சூரிச் குன்ஸ்ட்ஹவுஸ் புதிய கட்டடத்தில் பியூர்லே ஓவியங்கள்: பிள்ளைகளை எந்த அறையிலிருந்து கூட்டிச் செல்வது?

லிம்மாட்கரை | 2024 ஏப்ரல் 20

அனைவருக்கும் வணக்கம். சூரிச்சில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரைக் குன்ஸ்ட்ஹவுஸ் ஓவிய அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்துக்கு அழைத்துச் சென்று, பார்த்ததைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதச் சொல்லலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். அதற்கு முன்னோட்டமாக இரண்டு தடவை தனியாகப் போய் வந்தேன். போய் வந்த பிறகுதான் குழப்பம் கூடியது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்த இந்தக் கட்டடம் 206 மில்லியன் பிராங்க் செலவில் எழுந்து, 2021 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. ஹைம்பிளாட்ஸ் சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் 1910ஆம் ஆண்டின் பழைய கட்டடமும் மறுபக்கத்தில் இதுவும் நிற்கின்றன. இரண்டையும் சதுக்கத்துக்கு அடியில் செல்லும் நடைவழி இணைக்கிறது. இதனால் குன்ஸ்ட்ஹவுஸ் சுவிற்சர்லாந்தின் மிகப் பெரிய ஓவிய அருங்காட்சியகமாகியது. புதிய கட்டடத்தின் மேல் மாடியில் இடம்பெற்ற முதன்மையான தொகுப்பு, ஆயுத உற்பத்தியாளர் எமில் பியூர்லே வாங்கிச் சேர்த்த செசான், மொனே, வான்கோ, ரெனுவார் முதலியோரின் ஓவியங்கள். அவை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை அல்ல, பியூர்லே அறக்கட்டளை நீண்ட கால இரவலாகக் கொடுத்தவை.

அதே ஓவியங்களை இரண்டே ஆண்டுகளில் இரண்டு விதமாக மாட்டியிருக்கிறார்கள். 2021இல் ஓவிய வரலாற்று ஒழுங்கில் அறைகள் அமைந்தன; பியூர்லே யார், பணம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல ஓர் ஆவண அறை இருந்தது. கடும் கண்டனம் எழுந்தது. 2023 நவம்பரில் 'கடந்த காலத்துக்கு ஓர் எதிர்காலம்' என்ற தலைப்பில் எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார்கள். இப்போது படங்களோடு சேர்ந்தே போரும் ஆயுத வணிகமும் பழைய யூத உரிமையாளர்களின் கதைகளும் வருகின்றன.

நான் முதலில் படங்களைக் காட்டிவிட்டுக் கதையைப் பிறகு சொல்வதா, கதையைச் சொல்லிவிட்டுப் படங்களைக் காட்டுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தூரிகை | 2024 ஏப்ரல் 21

ஆசிரியைக்கு வணக்கம். நான் பாசலில் இருக்கிறேன். வேலை வேறு, வரைவது என் சொந்தச் சந்தோசத்துக்கு. தயவுசெய்து படங்களை முதலில் காட்டுங்கள்.

செசானின் 'சிவப்பு மேற்சட்டைச் சிறுவன்' முன்னால் பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவிடுங்கள். அந்தச் சிறுவனின் ஒரு கை உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கிறது; யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும். 'கை ஏன் இவ்வளவு நீளம்?' என்று அந்தப் பிள்ளை கேட்கும் கணத்தில்தான் ஓவியம் பார்ப்பது தொடங்குகிறது. அதற்கு முன்னால் பீரங்கி, போர், வதைமுகாம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டீர்களானால், பிறகு அந்தக் கையை எந்தப் பிள்ளையும் பார்க்காது.

எனக்கு 2021இன் ஒழுங்கு பிடித்திருந்தது என்று சொன்னால் இங்கே திட்டு விழும் என்று தெரியும். மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சத்தில், படங்களுக்கு இடையில் தாராளமான வெற்றுச் சுவரோடு, ஓவியர்களின் வரிசையில் அவற்றைப் பார்க்க முடிந்தது. இதே தொகுப்பு முன்பு நகரின் ஓரத்தில் ஒரு மாளிகையில் இருந்தது. அங்கே 2008 பெப்ரவரியில் ஆயுதங்களோடு நுழைந்தவர்கள் இந்தச் செசானையும், ஒரு மொனே, ஒரு வான்கோ, ஒரு தெகாவையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மொனேயும் வான்கோவும் சில நாட்களில் கிடைத்தன, செசான் 2012இல் சேர்பியாவில்தான் அகப்பட்டது. அதை மறுபடியும் பொது இடம் ஒன்றில் பார்க்கக் கிடைத்ததே பெரிய காரியம்.

ஏட்டுச்சுவடி | 2024 ஏப்ரல் 21

அக்கா, நான் இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். தூரிகை அண்ணா சொல்லும் வெளிச்சமும் வெற்றுச் சுவரும் உண்மை. ஆனால் 2021இல் பிரச்சினையே அந்த வெற்றுச் சுவர்தான் என்பது என் எண்ணம். விளக்கமாகச் சொல்கிறேன், நீண்டுவிட்டால் மன்னிக்கவும்.

பியூர்லே 1890இல் ஜெர்மனியில் பிறந்தவர். இளமையில் ஓவிய வரலாறும் இலக்கியமும் படித்தவர். 1924இல் ஓர்லிகன் இயந்திரத் தொழிற்சாலையைச் சீர்படுத்த சூரிச்சுக்கு வந்து, பிறகு அதன் உரிமையாளராகி, 1937இல் சுவிஸ் குடியுரிமை பெற்றார். அவருடைய 20 மில்லிமீட்டர் பீரங்கி முதலில் பிரான்ஸ், பிரிட்டன் பக்கமும், 1940க்குப் பிறகு ஜெர்மனி, இத்தாலி பக்கமும் போனது. போர் முடிந்தபோது சுவிற்சர்லாந்தின் முதல் பணக்காரர் அவரே. ஜெர்மனியில் வெல்ட்டன் என்ற இடத்தில் உரிமம் பெற்று அவருடைய ஆயுதங்களைச் செய்த தொழிற்சாலையில் ராவென்ஸ்புரூக் வதைமுகாமைச் சேர்ந்த பெண்களிடம் கட்டாய வேலை வாங்கப்பட்டது. உரிமப் பணம் சூரிச்சுக்கு வந்தது.

படங்களை அவர் பெருமளவில் வாங்கியது 1936 முதல் 1956இல் இறக்கும் வரை. அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். ஐரோப்பாவின் யூதக் குடும்பங்கள் பறிகொடுத்த படங்களும், உயிர் தப்புவதற்காக விற்ற படங்களும் சந்தையில் குவிந்த காலம் அது. பிரான்சில் கொள்ளையடிக்கப்பட்ட 13 படங்கள் அவரிடம் இருப்பதாகப் போருக்குப் பிறகு சுவிஸ் நீதிமன்றம் கண்டது. அவர் திருப்பிக் கொடுத்தார், கொடுத்தவற்றில் 9 படங்களை உரியவர்களிடமிருந்தே மறுபடி விலைக்கு வாங்கினார்.

பறிக்கப்பட்டதை 'ரௌப்குன்ஸ்ட்' (கொள்ளையடிக்கப்பட்ட கலைப்பொருள்) என்பார்கள். தப்பி ஓடும்போது விற்கப்பட்டதைச் சுவிற்சர்லாந்தில் 'ஃப்ளுக்ட்கூட்' என்பார்கள். 'தப்பியோடியவரின் பொருள்' என்று நாம் சொல்லலாம். அது பறிப்பா, விற்பனையா என்பதில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது. மொனேயின் வெத்தேய் கொடிப்பொப்பி வயலை எடுத்துக்கொள்ளுங்கள். யூத வம்சாவளியைச் சேர்ந்த ஹம்பர்க் வணிகர் மாக்ஸ் எம்டனுடைய படம் அது. அவர் 1940இல் சுவிற்சர்லாந்தில் இறந்தார். அவருடைய மகன் 1941இல் அதை விற்றுவிட்டுச் சிலிக்குப் போனார். சுவிஸ் மண்ணில் நடந்த சாதாரண வியாபாரம் என்கிறது அறக்கட்டளை. வேறு வழி இல்லாத ஒருவரின் விற்பனை என்கிறார்கள் வாரிசுகள்.

2021இல் இவ்வளவும் ஓர் அறைக்குள் அடைபட்டிருந்தது. மற்ற அறைகளில் படம், ஓவியர் பெயர், ஆண்டு. பிள்ளைகள் அந்த ஆவண அறையை 'விரும்பினால் பார்க்கலாம்' என்ற வகையில்தான் எடுத்துக்கொள்வார்கள், பெரியவர்களும் அப்படித்தான். ஒரு கதையைப் பக்கத்து அறையில் வைப்பது, அது பக்கத்து அறைக்குரிய கதை என்று சொல்வதாகும். சுவிஸ் அரசு முன்பு இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஆராய அமைத்த பெர்ஜியே ஆணைக்குழுவின் முன்னாள் உறுப்பினர்கள் பலர் திறப்பு விழா முடிந்த கையோடு வெளிப்படையாகக் கண்டித்ததற்கும், ஓவியர் மிரியம் கான் தன் படங்களைக் குன்ஸ்ட்ஹவுஸிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்ததற்கும் இதுதான் பின்னணி.

எனவே கதையை முதலில் சொல்லுங்கள் அக்கா.

மன்ஹாட்டன்வாசி | 2024 ஏப்ரல் 23

வெளியூர்க்காரன் ஒருவன் இடையில் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகம் 2019 அக்டோபர் 21 அன்று, 450 மில்லியன் டாலர் செலவழித்து விரிவாக்கிய கட்டடத்தில், தன் நிரந்தரத் தொகுப்பு முழுவதையும் புதிதாக மாட்டித் திறந்தது. அதற்கு முன் நான்கு மாதம் கதவையே சாத்தியிருந்தார்கள். பழைய அமைப்பில் ஓர் 'இசம்' (ஓவியப் பாணி) முடிந்து அடுத்த 'இசம்' பிறக்கும், வம்சாவளிப் பட்டியல் போல. புதிய அமைப்பில் கால வரிசையை ஏறக்குறைய வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொருளைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு அறைகளை மாற்றுவோம் என்றும் சொன்னார்கள்.

அங்கே எல்லோரும் பேசிய அறை, பிக்காசோவின் 1907ஆம் ஆண்டு 'அவிஞ்ஞோன் பெண்கள்' இருந்த அறை. அதே அறையில் கறுப்பினப் பெண் ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1967இல் வரைந்த, கறுப்பரும் வெள்ளையரும் இரத்தம் சிந்த ஓடும் பெரிய படத்தை மாட்டினார்கள். (ரிங்கோல்ட் இந்த மாதம்தான் காலமானார்.) அறுபது ஆண்டு இடைவெளியை ஓர் அறைக்குள் கொண்டுவந்தது தவறு என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரியாகப் பட்டது. இளம் வயதில் அதே அருங்காட்சியகத்தில் போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் 'குவெர்னிக்கா'வைப் பார்த்துப் படித்தவர் ரிங்கோல்ட். உறவு சுவரில் கண்ணுக்குத் தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நியூயார்க்கில் விடுபட்டவர்கள் ஓவியர்கள். பெண்களும் கறுப்பரும் வரைந்த படங்கள் கிடங்கில் இருந்தன, அல்லது விலைக்குக் கிடைத்தன. கொண்டுவந்து மாட்டினால் சுவரே பேசிவிடும். சூரிச்சில் விடுபட்டவர்கள் படத்தின் சொந்தக்காரர்கள். அவர்களுக்காக மாட்டுவதற்கு அவர்கள் வரைந்த படம் எதுவும் இல்லை. அவர்களுடைய படம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, இன்னொருவரின் பெயரில். அதனால்தான் அங்கே எழுத்தும் ஒலிப்பதிவும் புகைப்படமும் வந்து சேர்கின்றன, பார்ப்பவருக்குக் களைப்பும் சேர்ந்து வருகிறது. அருங்காட்சியகத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது மாட்டும் கலையால் மட்டும் தீரும் சிக்கலாகத் தெரியவில்லை.

தூரிகை | 2024 ஏப்ரல் 23

மன்ஹாட்டன்வாசி சொன்ன கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி ஏட்டுச்சுவடிக்கு ஒரு கேள்வி. கதையை முதலில் சொன்னால், படம் அந்தக் கதைக்குச் சாட்சிப் பொருளாகச் சுருங்கிவிடாதா? ரெனுவார் வரைந்த சிறுமி இரேனின் படத்தைப் பார்க்கும்போது அந்தத் தலைமுடியின் செம்பழுப்பு எனக்கு முக்கியம். வரைந்தவர் ரெனுவார். பியூர்லே காசோலைதான் எழுதினார்.

ஏட்டுச்சுவடி | 2024 ஏப்ரல் 24

அண்ணா, நீங்கள் எடுத்த படமே எனக்கும் வேண்டியது. ரெனுவார் 1880இல் எட்டு வயது இரேன் காஹென் டான்வேரை வரைந்தார். படம் பின்னாளில் இரேனின் மகள் பெயாத்ரிசிடம் போனது. 1941இல் நாசிகள் அதைப் பறித்தார்கள். அது நாசித் தலைவர்களில் ஒருவரான கோரிங் கைக்குப் போய்ப் பண்டமாற்றாகக் கைமாறியது. பெயாத்ரிசும் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு படம் கண்டெடுக்கப்பட்டு, படத்தில் இருக்கும் அதே இரேனிடம், முதியவராகிவிட்ட அவரிடம், திரும்பி வந்தது. 1949இல் அவர் அதை விற்றார். வாங்கியவர் பியூர்லே.

சட்டப்படி இந்தப் படத்தில் குறை எதுவும் இல்லை. உரியவரிடம் திரும்பி, உரியவரால் விற்கப்பட்டது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் செம்பழுப்பு குறைவாகவா தெரிகிறது? எனக்கு அப்படி இல்லை. இன்னும் அதிக நேரம் நின்றேன்.

நெடுந்தீவான் | 2024 ஏப்ரல் 25

நான் ஓவியம் அறியாதவன், ஓர்லிகன் ரயில் நிலையத்தில் தினமும் இறங்கி வேலைக்குப் போகிறவன். அந்தப் பெயரை எனக்கு இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே தெரியும். எங்கள் கடலில் வந்த இலங்கைக் கடற்படையின் அதிவேகப் படகுகளில் ஓர்லிகன் வகை 20 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. பியூர்லே இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகான கதை அது, அந்தப் படங்களோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகளில் சிலருடைய அப்பாமார் அந்தப் பெயரைக் கேட்டதும் என்ன நினைப்பார்கள் என்பதை ஆசிரியை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது நல்லது.

கட்டடக்காரன் | 2024 ஏப்ரல் 27

நான் சூரிச்சில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்தக் கட்டடத்தில் எங்களுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை, பார்வையாளனாகப் பேசுகிறேன். 'முதல் அறை எது' என்று எல்லோரும் விவாதிக்கிறீர்கள். அந்தக் கட்டடத்தில் முதல் அறை என்று ஒன்று இல்லை என்பதை யாரும் சொல்லவில்லையே.

யூரா மலைச் சுண்ணாம்புக்கல் போர்த்திய ஒரு பெரிய பெட்டி அது. உள்ளே சதுக்கத்திலிருந்து பின்னாலுள்ள தோட்டம் வரை ஊடறுத்துச் செல்லும் உயரமான மண்டபம். அதிலிருந்து படியேறி எந்தப் பக்கமும் திரும்பலாம். சிப்பர்ஃபீல்ட் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார். ஒரே வழியில் தள்ளிக்கொண்டு போகும் கட்டடம் அல்ல. 2021இல் ஆவண அறை பலருக்குத் தவறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சுவரில் என்ன எழுதினாலும் கால் போகும் வழியைக் கட்டடம்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே ஆசிரியைக்கு என் ஆலோசனை: புதிய கட்டடத்திலிருந்து தொடங்கவே வேண்டாம். பழைய பக்கத்தில், 1958இல் திறந்த கண்காட்சி மண்டபத்திலிருந்து தொடங்குங்கள். பிஃபிஸ்டர் சகோதரர்கள் வடிவமைத்த அந்த மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர் பியூர்லே. திறந்த ஆண்டில் அங்கே காட்டப்பட்டதும் அவருடைய தொகுப்புதான். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பிறகு அதே பழைய பக்கத்தில் மொனேயின் பெரிய அல்லிக்குள ஓவியங்களுக்குப் போங்கள்; அவற்றில் இரண்டை 1952இல் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவரும் அவரே. அங்கிருந்து நிலத்தடி வழியாக நடந்து புதிய கட்டடத்தில் ஏறினால், 2021இல் புதிதாக எதுவும் ஆரம்பிக்கவில்லை, எழுபது ஆண்டு உறவு ஒன்று சாலையைக் கடந்திருக்கிறது என்பது பிள்ளைகளின் காலுக்கே புரியும். 2012 நவம்பர் வாக்கெடுப்பில் இந்த விரிவாக்கத்துக்கு ஆம் சொன்ன சூரிச் வாக்காளர்களும் அந்த உறவுக்குள் வந்துவிட்டார்கள் என்பதை வேண்டுமானால் மேலே போய்ச் சொல்லுங்கள்.

லிம்மாட்கரை | 2024 ஏப்ரல் 28

எல்லோருக்கும் நன்றி. கட்டடக்காரன் அவர்கள் சொன்ன வழியில்தான் போகப் போகிறேன். தூரிகை அண்ணாவின் ஐந்து நிமிட மௌனத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், செசானுக்கு முன்னால். நெடுந்தீவான் ஐயா சொன்னதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசிவிட்டேன். ஒரு தகப்பனார் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இப்போதைய அமைப்பு முன்னையதைவிட எவ்வளவோ நேர்மையானது. இருந்தும், திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளி ஆலோசனைக் குழு விலகிவிட்டது, துன்புறுத்தப்பட்டு உடைமை இழந்தவர்களுக்குப் போதிய இடம் இல்லை என்று சொல்லி. அறைகளில் நடந்தபோது அதன் பொருள் எனக்குப் புரிந்தது. பியூர்லேயைக் கண்டித்தாலும் அவரைச் சுற்றியே எல்லாக் கதையும் ஓடுகிறது.

லிம்மாட்கரை | 2024 ஜூன் 2

நேற்றுப் போய் வந்தோம். விரிவாக எழுத நேரமில்லை. செசானின் நீண்ட கையை ஒரு பிள்ளை முப்பது வினாடியில் கண்டுபிடித்தான், தூரிகை அண்ணா வென்றார். இரேனின் கதையைச் சொன்னபோது, 'அவ ஏன் மிஸ் திரும்ப வித்தவ?' என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கூட வந்த தகப்பனார்தான், 'வீட்டில் எல்லாரும் போன பிறகு அந்தப் படத்தோடு தனியாக இருக்க ஏலாமல் இருந்திருக்கும்' என்றார். அது ஊகம்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கட்டுரைக்கு ஆளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி | 2024 ஜூன் 16

அக்கா, செய்தி பார்த்தீர்களா? ஐந்து படங்களைச் சுவரிலிருந்து இறக்குவதாக அறக்கட்டளை அறிவித்திருக்கிறது. மொனேயின் 'ஜிவெர்னித் தோட்டம்', வான்கோவின் 'பழைய கோபுரம்', கோகானின் 'ஏறிச்செல்லும் பாதை', கூர்பேயும் துலூஸ்-லோத்ரெக்கும் வரைந்த ஆள் உருவப் படங்கள் இரண்டு. நாசிக் காலத்தில் பறிபோன கலைப்பொருட்கள் குறித்து 1998இல் வாஷிங்டனில் வகுத்த கொள்கைகளுக்கு இந்த மார்ச்சில் புதிய விளக்கங்கள் வந்தன. அவற்றின்படி முன்னாள் உரிமையாளர்களின் வாரிசுகளோடு நியாயமான தீர்வு தேட வேண்டியவை இவை என்கிறார்கள். மனேயின் 'சுல்தானா' தனி விடயமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னாள் உரிமையாளர், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரின் யூதத் தொழிலதிபர் மாக்ஸ் சில்பர்பெர்க்.

ஏட்டுச்சுவடி | 2024 ஜூன் 29

நேற்று வரலாற்றாசிரியர் ரஃபாயேல் குரோஸின் ஆய்வறிக்கையும் வந்துவிட்டது. நகரமும் மாநிலமும் குன்ஸ்ட்ஹவுஸும் சேர்ந்து கேட்ட சுதந்திர ஆய்வு அது. தொகுப்பின் 205 படங்களில் 41 படங்கள் முன்பு யூதர்களுக்குச் சொந்தமாக இருந்தவை என்று அறக்கட்டளையின் ஆய்வு காட்டியிருந்தது. குரோஸ் குழு 62 என்கிறது.

தூரிகை | 2024 ஜூன் 29

21 படங்கள் கூடுதல். 2021இல் வெளிச்சத்தையும் இடைவெளியையும் புகழ்ந்தவன் நான். அந்தப் புகழ்ச்சியைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த வெற்றுச் சுவரில் என்ன எழுதப்படாமல் இருந்தது என்று கேட்காமல் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தங்கச்சிக்கு என் வணக்கம்.

லிம்மாட்கரை | 2024 ஜூலை 6

கட்டுரைகளைத் திருத்தி முடித்தேன். ஒரு பிள்ளை மொனேயின் ஜிவெர்னித் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாள். பூக்களின் நடுவில் நிற்கும் பெண்ணைப் பற்றி நல்ல இரண்டு பந்திகள். 'இந்த ஓவியம் சூரிச் குன்ஸ்ட்ஹவுஸின் புதிய கட்டடத்தில் தொங்குகிறது' என்று தொடங்கியிருந்தாள். செய்தியைச் சொல்லி, 'தொங்கியது' என்று மாற்றும்படி கேட்டேன். மாற்றினாள். பிறகு தானாகவே அதன் கீழே ஒரு வரி சேர்த்துக் கொண்டுவந்தாள்: 'நான் பார்த்த நாளில் அங்கே இருந்தது. யாருடையது என்று அன்று எனக்குத் தெரியாது.' அதில் நான் கை வைக்கவில்லை.